கேப்சூல் எண்டோஸ்கோபி: கேமரா மாத்திரையை விழுங்கும் முன் என்னென்ன செய்யணும்?

எண்டோஸ்கோபி பார்த்தாச்சு, கொலோனோஸ்கோபியும் பார்த்தாச்சு. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால், ஹீமோகுளோபின் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் அடுத்து எழுதித் தரும் பரிசோதனைதான் கேப்சூல் எண்டோஸ்கோபி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருப்பவர்கள் இதற்காக மதுரை போன்ற பெரிய ஊருக்குப் போக வேண்டியிருக்கலாம். கேப்சூல் ஒரு முறைதான் பயன்படும். குடல் சுத்தமாக இல்லையென்றால் செலவு, லீவு, அலைச்சல் எல்லாமே வீண்.

அந்த மாத்திரையில் என்ன இருக்கு?

சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம். அதற்குள் கேமரா, விளக்கு, பேட்டரி. சிறுகுடல் ஏறக்குறைய 5 முதல் 6 மீட்டர் நீளம். வாய் வழியாகப் போகும் எண்டோஸ்கோபி அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும். கொலோனோஸ்கோபியில் அதன் கடைசிப் பகுதி மட்டும் தெரியும். நடுவில் இருப்பதைப் பார்க்கத்தான் இந்தக் கேப்சூல். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, 8 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பயணித்து, ஆயிரக்கணக்கான படங்களை இடுப்பில் கட்டிய ரெக்கார்டருக்கு அனுப்பும்.

சுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்?

சாதாரண எண்டோஸ்கோபியில் டாக்டர் தண்ணீர் அடித்துக் கழுவலாம், நின்று பார்க்கலாம், திரும்பி வரலாம். கேப்சூலுக்கு அந்த வசதி இல்லை. குடல் தள்ளும் வழியில் போய்க்கொண்டே இருக்கும். உணவுத் துணுக்கு மறைத்த இடத்தில் புண் இருந்தால், அது படத்தில் வராது.

ஒரு வாரம் முன்பு

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரத்தசோகைக்காக இந்தப் பரிசோதனைக்கு வருபவர்களில் பலரும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள். அது மலத்தைக் கறுப்பாக்கும். குடல் சுவரில் ஒட்டிப் பார்வையை மறைக்கும். பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ‘சத்து மாத்திரைதானே’ என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

முந்தைய நாள்

பொதுவாகத் தெளிவான திரவங்கள் மட்டுமே. தண்ணீர், இளநீர், வடிகட்டிய சூப் போன்றவை. கிட்னி பிரச்சினை இருந்தால் இளநீருக்கு டாக்டரைக் கேளுங்கள். பால், மோர், பால்கோவா எதுவும் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இது கஷ்டம்தான்! சிவப்பு நிற ஜூஸும் வேண்டாம். படத்தில் ரத்தம் மாதிரி தெரியலாம்.

குடலைச் சுத்தம் செய்யும் பவுடரைப் பெரும்பாலும் 2 லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். அதன் பிறகு அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் சுமார் 75 கி.மீ.; ராஜபாளையத்திலிருந்து இன்னும் கூடுதல். காலையிலும் மருந்து குடிக்கணும் என்றால் பஸ்ஸை நம்பாதீர்கள். முதல் நாள் இரவே அங்கே தங்குவது நல்லது. கேப்சூலுக்கு முன் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கேப்சூல் குடலிலேயே தங்கிவிடலாம். குடல் டி.பி., கிரோன்ஸ் நோய், பழைய வயிற்று ஆபரேஷன், மெடிக்கலில் தானாக வாங்கி நெடுநாள் போட்ட வலி மாத்திரை... இவற்றால் குடல் சுருங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் ஸ்கேன் எடுக்கவோ, தானாகக் கரையும் சோதனைக் கேப்சூல் கொடுக்கவோ செய்வார்கள். விழுங்குவதில் சிரமம், பேஸ்மேக்கர், கர்ப்பம் இருந்தாலும் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

விழுங்கிய பிறகு?

பொதுவாக 2 மணி நேரம் கழித்துத் தண்ணீர், 4 மணி நேரம் கழித்து லேசான உணவு. நடக்கலாம், உட்காரலாம். ஓடவோ, கனமாகத் தூக்கவோ வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும். வந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. 2 வாரம் ஆகியும் காணவில்லை என்றால் எக்ஸ்-ரேயில் தெரிந்துவிடும். வெளியே வந்தது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கூடவே கூடாது. வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்புசம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவமனைக்கு மருத்துவமனை நேரமும் மருந்தும் மாறும். அவர்கள் தரும் தாளை போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் முந்தைய நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.