சுழலும் ஹார்னும் தளேகாவ் ரயிலும்

தளேகாவ் ஸ்டேஷனில் புனே லோக்கலுக்காகக் காத்து நிற்கும்போது ஒரு இலவசக் கச்சேரி கிடைக்கும். நம் வண்டி வருவதற்குள் லோணாவளா பக்கமிருந்து ஏதாவது ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்து போகும். வரும்போது ஹார்ன் ஒரு சுருதியில் அலறும். நம்மைத் தாண்டிய கணமே அந்தச் சுருதி வழுக்கிக் கீழே விழும். டிரைவர் ஹார்னை மாற்றவில்லை. கிட்டே வரும்போது ஒலி அலைகள் நெருக்கிக்கொண்டு வருகின்றன, விலகும்போது இழுபட்டுப் போகின்றன, அவ்வளவுதான். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் இந்தச் சரிவு கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம். ‘சி’யில் வந்த ரயில் ‘ஏ’க்குப் பக்கத்தில் போய் மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை 1842இல் கணக்காகச் சொன்னவர் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர். மூன்று வருஷம் கழித்து ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்பவர் ஊதுகுழல்காரர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். காது நல்ல இசைக்காரர்களைத் தண்டவாளத்தோரம் நிறுத்திக் கேட்கவும் வைத்தார். விஞ்ஞான வரலாற்றில் எனக்குப் பிடித்த பரிசோதனை இதுதான். கருவி என்று ஒன்றுமே இல்லை, காதுதான் கருவி.

வேலை விட்டு வந்து நண்பர்களோடு கணபதி பந்தல்களில் வாசிக்கும் ஸ்டேஜ் கீபோர்டில் ‘ரோட்டரி’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த பிளாட்பாரம்தான் நினைவுக்கு வரும். ஆர்கன் ஒலி சட்டென்று மூச்சு விட ஆரம்பிக்கும். மெதுவாக அலைந்து, பிறகு படபடவென்று துடிக்கும். பலர் இதை ஒரு ‘எஃபெக்ட்’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதன் பின்னால் 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மரப்பெட்டி இருக்கிறது.

அமெரிக்காவில் மின்கடிகாரம் செய்துகொண்டிருந்த லாரன்ஸ் ஹாம்மண்ட் 1935இல் ஒரு மின் ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உள்ளே பல் வெட்டிய 91 உலோகச் சக்கரங்கள், அவற்றைச் சுற்ற ஒரு மோட்டார். கடிகாரக்காரர் புத்தி, மோட்டாரின் வேகத்தை வீட்டு மின்சாரத்தின் துடிப்போடு பூட்டிவிட்டார். அதனால் சுருதி கலையவே கலையாது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே வாங்கிய ஆர்கனை, வோல்டேஜை மட்டும் சரிசெய்து இங்கே பிளக்கில் செருகினால் மொத்த வாத்தியமும் மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ‘சி’ அழுத்தினால் ‘ஏ’ கேட்கும். தளேகாவைக் கடக்கும் ரயிலின் கதையேதான், ஆனால் இந்த ரயில் கடந்து போவதே இல்லை.

இந்த ஆர்கனை வாங்கி ஏமாந்தவர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் டான் லெஸ்லி. பெரிய கூடத்தில் கேட்டபோது பிரமாதமாக இருந்த ஒலி, வீட்டு அறையில் அசைவில்லாமல், ஒரே இடத்தில் ஆணியடித்த மாதிரி நின்றது. பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் வேறு வேறு குழாயிலிருந்து, வேறு வேறு இடத்திலிருந்து வரும். அந்த நடமாட்டம் இதில் இல்லை. அப்படியானால் ஒலியைச் சுற்றிவிட்டால் என்ன என்று கேட்டு, 1940களின் தொடக்கத்தில் சுழலும் ஸ்பீக்கர் பெட்டியை விற்க ஆரம்பித்தார். ஹாம்மண்டுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன் வாத்தியத்தை ஒருவன் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார் போலும். வாசிப்பவர்கள் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். இன்று ஹாம்மண்ட், லெஸ்லி இரண்டு பெயரும் ஜப்பானின் சுசூகி என்ற ஒரே கம்பெனியிடம் இருக்கின்றன. (கார் செய்யும் சுசூகி அல்ல.)

பெட்டிக்குள் எட்டிப் பார்ப்போம். ஒலி 800 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டாகப் பிரிகிறது. மேல் ஒலிகள் மேல்தட்டில் உள்ள ஹார்னுக்குப் போகின்றன. நம் ஊர்த் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரைச் சின்னதாக்கி, இரண்டை முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இருக்கும். ஆனால் சத்தம் வருவது ஒன்றிலிருந்துதான். மற்றது வெறும் சமன் எடை. கீழே 15 அங்குல ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். அதற்கடியில் ஒரு பக்கம் திறந்த மர டிரம் சுழன்று, கனத்த ஒலியைச் சுற்றுப்புறமெங்கும் வாரி இறைக்கும். ஹார்னும் டிரம்மும் எதிரெதிர்த் திசையில் சுற்றும்.

சின்ன வயதில் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து ‘ஆ’ என்று கத்திப் பார்க்காதவர் உண்டா? குரல் நறுக்கு நறுக்காக வரும். அது பெரும்பாலும் சத்தம் ஏறி இறங்கும் வித்தை. லெஸ்லியில் அதுவும் உண்டு, ரயிலும் உண்டு. ஹார்ன் நம்மைப் பார்த்துத் திரும்பும்போது சத்தமும் கூர்மையும் ஏறும், வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்று உயரும், விலகும்போது தாழும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் இதைத் தனித்தனியே செய்கின்றன. போதாததற்கு அறையின் சுவர்கள் வேறு பங்கெடுத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகமான நிலையில் ஹார்ன் நிமிஷத்துக்குச் சுமார் 400 சுற்று. மையத்திலிருந்து வாய் வரை 18 சென்டிமீட்டர் என்று கொண்டால், வாயின் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர், ஊருக்குள் ஆட்டோ போகிற வேகம். சுருதி மேலும் கீழும் அரைச்சுரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆடும், ஆனால் நொடிக்கு ஆறேழு தடவை. நல்ல பாடகரின் குரல் நடுங்கும் வேகமும் ஏறத்தாழ இதுதான். காதுக்கு அது இயந்திரமாகப் படாததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். மெதுவான நிலையில் நிமிஷத்துக்கு 40 முதல் 50 சுற்று வரை. சுருதி ஆடுவதே தெரியாது, ஒலி மட்டும் அறைக்குள் உலாத்தும்.

ஆனால் விஷயம் இந்த இரண்டு வேகங்களில் இல்லை, நடுவில் இருக்கிறது. கரண்ட் போனால் சீலிங் ஃபேன் சட்டென்று நிற்கிறதா? லெஸ்லியும் அப்படித்தான். ஹார்ன் லேசானது, ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். மர டிரம் கனமானது, நாலைந்து நொடி எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் மேல் ஒலி துடிக்க ஆரம்பித்திருக்கும், கீழ் ஒலி இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ஆர்கன் வாசிப்பவர்கள் கைதட்டல் வாங்குவது இந்த நாலு நொடியில்தான். ஒரு கார்டை அப்படியே பிடித்துக்கொண்டு, சுரம் எதையும் மாற்றாமல், வேகத்தை மட்டும் மாற்றி ஒரு கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கலாம்.

நார்ட், யமஹா, கோர்க், ரோலண்ட் எல்லாருமே தங்கள் ஸ்டேஜ் கீபோர்டுகளில் இந்தப் பெட்டியைக் கணக்காக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல சாதனத்தில் ஹார்னுக்கும் டிரம்முக்கும் தனித்தனி வேகம், தனித்தனி ஏறும் நேரம், மைக் எவ்வளவு தூரம் என்பது வரை மாற்றலாம். மலிவானதில் இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். கடையில் வாங்கும்போது ஒரு கார்டைப் பிடித்து வேகத்தை மாற்றிவிட்டு இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றுவதற்கு வழி பல. பேனலில் பட்டன் இருக்கும். சிலதில் மாடுலேஷன் வீல், பாதிக்கு மேல் தள்ளினால் வேகம், கீழே இழுத்தால் நிதானம். பழைய ஆர்கன்காரர்கள் விரும்புவது கீபோர்டின் முன்விளிம்பில், இடது கையருகே பொருத்தும் அரைவட்ட ஸ்விட்ச். இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது கால்தான் கதி. ஆர்கன் சுரம் அழுத்தியிருக்கும் வரை ஓயாது. அதனால் பியானோவுக்குத் தேவைப்படும் சஸ்டெயின் பெடலுக்கு இங்கே அவ்வளவு வேலையில்லை. அதையே ரோட்டரிக்கு மாற்றிக்கொள்ளலாம். வலது கால் வால்யூம் பெடலில் இருக்கட்டும். அசல் பெட்டியில் அந்த வால்யூம், லெஸ்லியின் வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வரும். மிதிக்க மிதிக்கச் சத்தம் மட்டுமல்ல, கரகரப்பும் கூடும்.

பெடலில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பல கீபோர்டுகள் சுவிட்ச் போடும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ, அதையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பந்தலில் அவசரமாகக் காலை பெடல்மேல் வைத்தபடியே சுவிட்சைப் போட்டேன். அன்று முழுக்க மெதுவான பாட்டெல்லாம் படபடத்தது, குத்துப்பாட்டு வந்தால் ஆர்கன் தூங்கியது. டிரம்ஸ் வாசிப்பவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அணைத்து, காலை எடுத்துவிட்டுப் போட்டிருந்தால் பத்து நொடி வேலை.

பந்தல் சவுண்ட்காரர்களிடம் இன்னொரு சண்டை உண்டு. ரோட்டரி இடம் வலமாகச் சுற்றும் ஒலி. அவர்கள் ஒரே ஒரு ஒயர்தான் தருவார்கள். இரண்டு ஒயர் கேளுங்கள். இல்லையென்றால் சுற்று பாதி செத்துவிடும்.

சரி, எப்போது மிதிப்பது? பல்லவி துடிப்போடு தொடங்க வேண்டுமானால் பல்லவியில் மிதிக்கக் கூடாது. ஹார்ன் வேகம் பிடிக்க ஒரு நொடி வேண்டும். நிமிஷத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒரு நொடி என்றால் இரண்டு அடி. ஆகவே சமத்துக்கு இரண்டு அடி முன்னாலேயே கால் இறங்கிவிட வேண்டும். மிருதங்கக்காரர் கோர்வையைச் சமத்தில் இறக்க எங்கேயோ முன்னால் கணக்குத் தொடங்குவது போல. டிரம் இன்னும் பின்னால்தான் வரும், வரட்டும்.

பாட்டு முடியும்போது இது தலைகீழ். கடைசிக் கார்டைப் பிடித்ததும் காலால் நிதானத்துக்கு மாற்றுகிறேன். ஹார்ன் உடனே அடங்கும். விரலை எடுக்காமல் காத்திருந்தால், அடியில் டிரம் இன்னும் சில சுற்றுகள் உருண்டு ஓய்வது கேட்கும். அதற்குள் பந்தலில் ஆரத்தி மணி அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.