பனிச்சிறுத்தை தின்ற ஆட்டுக்கு யார் பொறுப்பு?

பனிச்சிறுத்தையைத் தேடி ஆண்டுக்கணக்கில் மலை ஏறிய ஆய்வாளர்களில் பலர் அதை நேரில் பார்த்ததே இல்லை. மத்திய, தெற்கு ஆசியாவின் 12 நாடுகளில் பரவியிருந்தும், பாறையோடு பாறையாக மறைந்து கிடக்கும் விலங்கு அது. ஆகவே அது விட்டுச்செல்லும் தடயங்களைத்தான் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். தானியங்கிக் கேமராவில் பதியும் உடல் புள்ளிகள், நம் கைரேகையைப் போல, ஒவ்வொரு சிறுத்தைக்கும் வேறுபடும். பாறை இடுக்கில் கிடக்கும் எச்சமோ இன்னும் அதிகம் சொல்லும். அதிலுள்ள மரபணு, எச்சம் எந்த விலங்குடையது என்று காட்டும். செரிக்காத முடி, அது எதைத் தின்றது என்று காட்டும்.

வடக்குப் பாகிஸ்தானின் பல்திஸ்தானில் இப்படிச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அங்குள்ள பனிச்சிறுத்தைகள் தின்ற இறைச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் வீட்டுக் கால்நடைகளுடையது என்று தெரியவந்தது. ஆடு, மாடு, யாக், மாடும் யாக்கும் கலந்த கலப்பினம் எல்லாம் அதில் அடக்கம். காட்டு ஆடுகளான ஐபெக்ஸ், மார்க்கோர் ஆகியவற்றின் பங்கு அதைவிடக் குறைவு. வெளிப்படையாகச் சொன்னால், உலகம் கொண்டாடும் இந்த விலங்குக்கு அங்கே சோறு போடுவது ஏழை ஆட்டுக்காரர்தான். அவர் ஆத்திரத்தில் துப்பாக்கியைத் தூக்கினால் அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

இந்தக் கேள்விக்கு ஷஃப்கத் ஹுசைன் என்ற ஆய்வாளர் 1999இல் ஒரு விடை தேடினார். பல்திஸ்தானின் ஸ்கோயோ கிராமத்தில் அவர் தொடங்கியது கால்நடைக் காப்பீடு. மந்தை வைத்திருப்பவர்கள் சிறு தொகையைச் சந்தாவாகக் கட்டுவார்கள். மலையேற்றச் சுற்றுலாவில் கிடைக்கும் வருமானம் மற்றொரு நிதியாகச் சேரும். சிறுத்தை அடித்த ஆட்டுக்கு இவற்றிலிருந்து இழப்பீடு கிடைக்கும்.

இதில் முக்கியமானது, உரிமைகோரலை விசாரிப்பது கிராமத்தவர்களே அமைத்த குழு என்பது. அரசு இழப்பீடு என்றால், ஆடு நோயில் செத்ததா, சிறுத்தை அடித்ததா என்பதை எங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். பொய்க் கணக்கும் வரும், தாமதமும் வரும். இங்கோ போவது ஊர்ப் பணம். பக்கத்து வீட்டுக்காரரின் ஆடு எப்படிச் செத்தது என்பது ஊருக்குத் தெரியும். இந்தப் பணிக்காக ஹுசைனுக்கு 2006இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது.

காப்பீடு செத்த ஆட்டுக்குத்தான் விலை தரும், சாவைத் தடுக்காது. பனிச்சிறுத்தை இரவில் பட்டிக்குள் குதித்துவிட்டால் ஒன்றோடு நிற்பதில்லை. மிரண்டு ஓட வழியில்லாத ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப்போடும். ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் ஒரே இரவில் போய்விடும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை: பட்டியின் மேலே கம்பி வலைக் கூரை, இடுக்கில்லாத ஒரு கதவு.