ஆளில்லாப் படங்கள்

தாத்தாவும் பாட்டியும் விறைப்பாக அமர்ந்திருக்கும் பழம் புகைப்படத்தை நம்மவர் எவரும் எறிவதில்லை. அதே டிரங்குப் பெட்டியில் மலையும் ஏரியும் மட்டுமே தெரியும் படம் ஒன்று கிடைத்தால், “இதில் யாருமே இல்லையே!” என்று கழித்துவிடுகின்றனர். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாம், ஓய்வு நாள்களில் புனேயின் பழைய சாமான் கடைகளில் தேடுவது இவ்வாறு கழிக்கப்பட்ட படங்களையே. முகப்படம் எடுத்துப் பிழைத்த சிற்றூர் ஸ்டூடியோக்காரர்கள், இடையிடையே தம் ஊரின் குளத்தையும் கோபுரத்தையும் மலையையும் பிடித்துவைத்த படங்கள் அவை.

உதகமண்டலத்தை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஸ்டூடியோ நடத்திய ஆல்பர்ட் பென் என்பவர், நீலகிரிக் காட்சிகள் பலவற்றைப் படம் பிடித்தார். 1924இல் அவர் காலமான பின் அவர் பெயர் மங்கிற்று. நெடுங்காலம் கழித்து அவருடைய கொள்ளுப்பேரர் கிறிஸ்டோபர் பென் அப்படங்களைத் தேடித் திரட்டி, நிக்கலஸ் சகோதரர்களின் படங்களோடு சேர்த்து 2014இல் நூலாக வெளியிட்டார். 1820களில் உருவாக்கப்பட்ட உதகை ஏரியின் ஒரு பகுதி பின்னர் தூர்ந்து, பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் ஆயிற்று. முன்பு நீர் எதுவரை நின்றது என்பதைக் கண்ணால் காண வேண்டின், அக்காலப் படமே சாட்சி.

படத்தின் பழமையை அறிவது எங்ஙனம்? 1850 முதல் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை, முட்டையின் வெண்கரு பூசிய காகிதத்திலேயே பெரும்பாலான படங்கள் அச்சாயின. தாள் மிக மெல்லியது. சுருளும் இயல்புடையதாதலால் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். நிறம் செம்பழுப்பு, வெளிச்சமான பகுதிகள் மஞ்சளித்திருக்கும். பின்வந்த ஜெலட்டின் படங்கள் சிலவற்றைச் சாய்த்துப் பார்த்தால், இருண்ட ஓரங்களில் வெள்ளி மினுங்கும். அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கக் கூடும். சட்டத்துக்கு அளவாக அட்டையை வெட்டினால் அந்தத் தடயமும் போயிற்று.

நாம் வாழும் ஊரும் பிறந்த ஊரும் ஒருங்கே மாறி வருவன. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, முட்டா நதியின் வெள்ளம் புனேயின் கரையோரப் பேட்டைகளைச் சூறையாடியது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையும் அதன் ரயில் நிலையத்தையும் சிதைத்தது. இவற்றுக்கு முந்திய காட்சிப் படம் ஒன்று எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருக்குமாயின், அதற்கு விலை ஏது?

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களைப் பசையுள்ள பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள், மழைக்காலத்தில் ஓதமேறும் சுவரில் மாட்டாதீர்கள். அமிலமற்ற காகித உறையிலிட்டு, ஈரமும் பூச்சியும் அணுகாத அலமாரியில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மென்மையான பென்சிலால் பின்புறத்தில் ஊரின் பெயரையும் இடத்தையும் எழுதுங்கள். ஊர் தெரியாத படம் வெறும் மலை, வெறும் நீர் என்றே நின்றுவிடும்.

“இது நம்மூர்க் கீழக்குளம், அந்தப் படித்துறை இப்போது இல்லை” என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் நம் இல்லங்களிலுள்ள பெரியவர்களே. புனேயில் பிறந்த பிள்ளைகள் அக்குளத்தைக் கண்டதில்லை. பெரியவர் பக்கத்தில் பிள்ளைகளை அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல எழுதிவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வருகிற ஞாயிறே அதைச் செய்துவிடுங்கள்.