திரை விலகும் கட்டம்

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் கூத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். இருவர் திரைத்துணியைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து துரியோதனன் பாடுகிறான். கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. துணி விலகியதும் ராஜா முழு உருவில் நிற்கிறான்.

நாடகத்தைக் காமிக்ஸாக்கும் ஓவியருக்குத் தாள்தான் அந்தத் துணி. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஆவலைக் கிளப்புவார். பக்கத்தைப் புரட்டியதும் ஆளைக் காட்டுவார். கூத்தில் கட்டியங்காரன் கதையை எடுத்துச் சொல்வதுபோல, கட்டத்தின் மேலுள்ள சிறு பெட்டி இடமும் காலமும் சொல்லும்.

பேச்சைக் குறைப்பதே இதில் கடினமான வேலை. காளிதாசரின் சாகுந்தலத்தில் துர்வாசரின் சாபம் மேடைக்கு வெளியிலிருந்து குரலாக மட்டும் கேட்கும். மோதிரம் மீன் வயிற்றில் கிடைத்ததை மீனவன் வாயால்தான் அறிகிறோம். காமிக்ஸில் முனிவரின் சினந்த முகத்தையே வரையலாம். மோதிரம் நீருக்குள் நழுவுவதை ஒரே கட்டத்தில் காட்டலாம். வசனம் அவ்வளவும் மிச்சம். தவிர்க்க முடியாத நீண்ட பேச்சை மூன்று நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகபாவத்தை மாற்றுவார்கள்.

இப்படி நாடகங்களைக் காமிக்ஸாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க ஓவியர் கேரத் ஹைண்ட்ஸ். வீடியோ கேம் துறையில் வேலை பார்த்தவர். ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’, ‘வெனிஸ் வணிகன்’, ‘மேக்பெத்’ நாடகங்களைக் காமிக்ஸாக்கினார். 2013இல் வந்த அவரது ‘ரோமியோ ஜூலியட்’டில் ஜூலியட் குடும்பம் இந்திய வம்சம், ரோமியோ குடும்பம் ஆப்பிரிக்க வம்சம். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது பார்த்ததுமே தெரியும். கூத்தில் முகவர்ணமும் கிரீடமும் செய்யும் வேலை இதுதான்.

நம் நாட்டில் 1967இல் தொடங்கிய அமர் சித்திர கதை, சகுந்தலையையும் சூத்ரகர் நாடகத்தின் வசந்தசேனையையும் குழந்தைகளிடம் சேர்த்தது. காமிக்ஸாக்கத் தமிழிலும் நல்ல நாடகம் இருக்கிறது. 1891இல் சுந்தரம் பிள்ளை எழுதிய மனோன்மணீயத்தை 1942இல் திரைப்படமாக்கியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். காமிக்ஸுக்கு வேண்டிய எழுத்தும் தூரிகையும் ஒரே கையில் அமைவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ஓவியராகவும் இருந்தவர்.

உங்கள் வீட்டில் படம் வரையும் பிள்ளை இருந்தால், ஒரு ராத்திரி கூத்துக்குக் கூட்டிப்போங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். திரை விலகும் அந்தக் காட்சியை மட்டும் முதலில் வரையட்டும்.