இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாக மூச்சுவிட வேண்டும்!

பழைய "ராஜ்தூத் 350" மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கவனத்துக்கு

வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம், பூட்டுப் போட்டதுபோல் திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாயும். ஓட்டுகிறவரும் விழுவார், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் விழுவார்.

பழைய "டூ ஸ்ட்ரோக்" வண்டிகளில் இந்த ஆபத்து உண்டு. என்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், சூடு தாங்காமல் உப்பி, சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். "பிஸ்டன் பிடித்துக்கொண்டது" என்பார் மெக்கானிக். என்ஜின் நின்றதும், அதோடு சங்கிலியால் கட்டுண்ட பின்சக்கரமும் நின்றுவிடும்.

பிஸ்டன் பிடித்துக்கொள்ளப் பல காரணங்கள். எண்ணெய் போதாமல் போவது ஒன்று. பெட்ரோல் குறைந்து காற்று மிகுவது இன்னொன்று. இரட்டைக் கார்புரேட்டர் வைத்த வண்டிகளில் இந்த இரண்டுக்கும் வழி திறந்து விடுவது ஒரு சின்ன அலட்சியம். என்ன அது? இரண்டு கார்புரேட்டரையும் சமமாகத் திறக்கும்படி வைக்காமல் விடுவதுதான்!

பால்காரர் வண்டியும் பந்தய வண்டியும்

"ராஜ்தூத்" என்றதும் பலருக்கு, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அது 175 சி.சி. வண்டி. நாம் பேசுவது அதன் முரட்டுத் தம்பியைப் பற்றி.

ஜப்பான் நாட்டு யமஹா கம்பெனி 1973-ம் ஆண்டு "ஆர்.டி. 350" என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர். 347 சி.சி. ஆறு கியர். 39 குதிரைசக்தி. அதே வண்டியை இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ம் ஆண்டு முதல் "ராஜ்தூத் 350" என்ற பெயரில் தயாரித்தது. பெட்ரோல் செலவை நினைத்து, சக்தியைக் குறைத்தார்கள். ஒரு ரகத்துக்கு 30.5 குதிரைசக்தி, மற்றொரு ரகத்துக்கு 27.

குறைத்தும் என்ன? அந்த நாளில் நம் சாலைகளில் அதனோடு போட்டி போட வேறு வண்டி இல்லை என்றே சொல்லலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் மோட்டார் பந்தயங்கள் நடக்கும். 1980-களில் அங்கே இந்த வண்டிகள் சீறிப் பாய்ந்தன.

ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகவில்லை. பெட்ரோலைக் குடித்தது. உதிரி பாகங்களின் விலையும் அதிகம். 1980-களின் இறுதியோடு தயாரிப்பு நின்றது. அன்று வாங்க ஆள் இல்லாமல் நின்ற வண்டிக்கு இன்று லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள்! அப்பா ஓட்டிய வண்டியைத் துடைத்து எடுத்து ஓட்ட ஆசைப்படும் பிள்ளைகளும் பலர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

இரண்டு எதற்கு?

கார்புரேட்டரின் வேலை எளிது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்ப வேண்டும். அதன் நடுவே உருளை வடிவமான ஓர் அடைப்பு இருக்கிறது. "ஸ்லைடு" என்பார்கள். கைப்பிடியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கேபிள் இழுக்கும், ஸ்லைடு மேலே ஏறும், வழி திறக்கும். காற்று உள்ளே பாயும். ஸ்லைடோடு சேர்ந்து ஓர் ஊசியும் ஏறுவதால், காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலும் கூடும்.

செக் நாட்டு ஜாவா 350 வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர்தான். ராஜ்தூத் 350-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. காற்றுக்கு நேர் வழி கிடைப்பதால் சக்தி அதிகம். (1969-ல் வந்த கவாசாகி எச்-1 வண்டிக்கு மூன்று சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். அதை வைத்திருப்பவரின் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்!)

ஒற்றை மாட்டு வண்டிக்கு இல்லாத தொல்லை இரட்டை மாட்டு வண்டிக்கு உண்டு அல்லவா? ஒரு மாடு முந்தி இழுக்கும். மற்றது பின்தங்கும். நுகத்தடி கோணும். வண்டி போகத்தான் போகும். ஆனால் பாரம் முழுவதும் ஒரு மாட்டின் கழுத்தில். இங்கும் அதே கதைதான். ஒரு ஸ்லைடு முதலில் திறந்தால் அந்தச் சிலிண்டர் பாரத்தைச் சுமக்கும், அதிகமாகச் சூடேறும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 100 தடவை வெடிக்கிறது. இத்தனை வேகத்தில் எந்தச் சிலிண்டர் சோம்பல், எது சுறுசுறுப்பு என்று காதுக்குத் தெரியுமா? தெரியாது.

அடையாளங்கள் வேறு உண்டு. மெதுவாகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். நின்ற இடத்தில் சத்தம் ஒரு சீராக இராது. இரண்டு சைலன்சரில் ஒன்று மட்டும் அதிகமாகப் புகையும். பிளக்கைக் கழற்றினால் ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. பட்டறைக்குப் போய், "அண்ணே, வண்டி ஒரு மாதிரி உதறுது" என்போம். அவர் உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்து ஐடிலிங் திருகைத் திருகினால், "கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்று தடுத்துவிடுங்கள். அந்தத் திருகு கடைசியில் தொட வேண்டியது!

தொடங்குமுன்

கார்புரேட்டரின் மேல் பழி போடுமுன் மற்றவற்றைப் பார்த்துவிட வேண்டும். புதுப் பிளக் போட்டாயிற்றா? காற்று வடிகட்டி சுத்தமா? இந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு "பாயிண்ட்" உண்டு. இரண்டின் நேரமும் சரியாக இருக்கிறதா? இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகுவது வீண் வேலை.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரப்பர் இணைப்பு இருக்கிறது. நாற்பது வயது ரப்பரில் வெடிப்பு இராதா? அதன் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் பெட்ரோல் கலவை மெலிந்துபோகும். என்ஜின் ஓடும்போது அந்த ரப்பர் மேல் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. கலவையையும் அது சற்று மெலிய வைக்கும். அந்தக் காலத்து ஜெட்டையே வைத்து ஓட்டுகிறவர்கள், பிளக்கின் நிறத்தை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

வேலையை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள. பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

விரல் சொல்லும் கணக்கு

இதற்கு விலை உயர்ந்த மீட்டர் எதுவும் வேண்டாம். உங்கள் விரலே போதும்.

என்ஜினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர்களின் பின்பக்கம் உள்ள காற்றுக் குழாய்களைக் கழற்றுங்கள். இரண்டு வாயும் தெரியும். ஒவ்வொரு கார்புரேட்டரின் தலையிலும் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு திருகும், அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்துங்கள். கேபிளின் உறையை விரலால் தூக்கினால் சுமார் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இரண்டிலும் இருக்கட்டும். இந்த ஆட்டம் இல்லாவிட்டால், ஸ்லைடு முழுதும் கீழே இறங்காது.

இப்போது ஒரு கையின் கட்டைவிரலை ஒரு வாயிலும், இன்னொரு விரலை மற்ற வாயிலும் விட்டு ஸ்லைடுகளைத் தொடுங்கள். வேறொருவரை ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது உதவுவார்கள். "மெதுவா, இன்னும் மெதுவா" என்று சொல்ல வேண்டியிருக்கும். மிக மிக மெதுவாக! இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் அசைய வேண்டும். ஒன்று முந்தினால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். பின்தங்கும் கேபிளின் திருகைச் சற்று வெளியே திருப்புங்கள். மறுபடி பாருங்கள். மறுபடி திருப்புங்கள். பத்துத் தடவையானாலும் சலிக்கக் கூடாது.

விரலில் நம்பிக்கை இல்லையா? ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட் எடுத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதன் வழவழப்பான பின்பக்கத்தை ஸ்லைடின் அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஸ்லைடு அதைக் கவ்விப் பிடிக்கும். மெல்ல முறுக்கினால் இரண்டும் ஒன்றாகக் கீழே விழ வேண்டும். ஒன்று விழுந்து மற்றது தொங்கினால், வேலை இன்னும் முடியவில்லை!

பிறகு முழுவதும் முறுக்கிப் பாருங்கள். இரண்டு ஸ்லைடும் வாயை விட்டு முழுதாக மேலே மறைய வேண்டும். பூட்டும் நட்டுகளை இறுக்கிய பின் இன்னொரு தடவை பாருங்கள். இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பிவிடும். எத்தனையோ பேரின் அரை நாள் உழைப்பு இங்கேதான் வீணாகிறது.

காற்றுக் குழாய்களை மாட்டி, என்ஜினைச் சூடேற்றிய பிறகே ஐடிலிங் திருகைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே அளவு திருப்பி, நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்றில் நிறுத்துங்கள். இரண்டு சைலன்சருக்கும் பின்னால், சுடாத தூரத்தில், இரண்டு உள்ளங்கைகளையும் காட்டுங்கள். புகை ஒரே பலத்தில் "டப் டப்" என்று தட்ட வேண்டும்.

மறக்கக் கூடாத மூன்றாவது கேபிள்

வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்! பிஸ்டனைக் காப்பாற்றும் வேலை இனிமேல்தான்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து வரும் கேபிள் வழியில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு, கார்புரேட்டர்களுக்கு. மூன்றாவது எங்கே போகிறது? என்ஜின் பக்கத்தில் மூடிக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய்ப் பம்புக்கு. டூ ஸ்ட்ரோக் என்ஜினில், உள்ளே போகும் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கணமும் புது எண்ணெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு முறுக்குகிறீர்களோ அவ்வளவு அதிக எண்ணெயை இந்தப் பம்பு இரண்டு குழாய் வழியாக இரண்டு சிலிண்டருக்கும் தருகிறது.

கார்புரேட்டர் கேபிளின் திருகைத் தொட்டதும், பம்புக்கும் ஸ்லைடுக்கும் இருந்த கணக்கு மாறிப்போகிறது. ஸ்லைடு முந்தித் திறந்து, பம்பு பிந்தினால்? பெட்ரோல் வந்துவிடும், எண்ணெய் வராது. வண்டி முன்னைவிட நன்றாக ஓடுவதாகவே தோன்றும்! புகைகூடக் குறைந்திருக்கும். நாலு மைல் சந்தோஷமாகப் போய், நெடுஞ்சாலையில் முழுதாக முறுக்கும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பம்பு மூடியைக் கழற்றினால் சிறிய கப்பி ஒன்று தெரியும். அதன் மேல் ஓர் அடையாளக் கோடு இருக்கும். வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் நிலையில் ஆக்ஸிலேட்டரை வைத்து, அந்தக் கோடு அங்குள்ள சிறு முளைக்கு நேராக வரும்படி மூன்றாவது கேபிளின் திருகைத் திருப்ப வேண்டும். கைப்புத்தகம் இல்லாதவர்கள் அதைத் தேடிப் படிக்காமல் இந்தத் திருகைத் தொட வேண்டாம். எண்ணெய்க் குழாய்களில் காற்றுக் குமிழி நின்றிருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் வெளியேற்றுங்கள்.

முதல் நாள் ஓட்டும்போது இடது கையின் இரண்டு விரல்கள் கிளட்சின் மேலேயே இருக்கட்டும். சத்தம் திடீரென்று மங்கி, வேகம் தானாகக் குறைந்தால் யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். பின்சக்கரம் விடுபட்டுவிடும், ஓரமாக நிறுத்திவிடலாம். அப்படி எதுவும் நடக்காமல் இருபது கிலோமீட்டர் போனால், என்ஜின் ஆறியதும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால், மறுநாள் வீட்டுக்காரம்மாளைப் பின்னால் உட்காரச் சொல்லலாம்.