மாட்டு வண்டியில் போன காமிரா

தமிழகக் கோயில்களைப் படமெடுத்த ராணுவ கேப்டனின் வேலையை ‘ஆடம்பரம்’ என்று அரசு நிறுத்திவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே படங்களுக்கு வாஷிங்டன், நியூயார்க், லண்டனில் கண்காட்சி.

மதுரை விளக்குத்தூண் பக்கம் தீபாவளி நேரத்தில் போனவர்களுக்குத் தெரியும், நின்று நிமிர்ந்து அந்தத் தூணைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று. ஜவுளிப் பைகள் முதுகில் இடிக்கும். கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, மாசி வீதிகளுக்கு வெளியே ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக 1847இல் எழுந்த தூண் அது. 1858இல் அதன் எதிரே முக்காலி வைத்து, பெரிய மரக் காமிராவைப் பூட்டி ஒருவர் படமெடுத்தார். பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் 12வது மதராஸ் காலாட்படையில் கேப்டன்.

தொழில் ராணுவம், மனசெல்லாம் காமிராவில். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822இல் பிறந்து, பதினாறு வயதில் கம்பெனி ராணுவத்தில் சேர்ந்தவர். விடுமுறையில் 1850களின் தொடக்கத்தில் ஊருக்குப் போனபோது, அப்போதுதான் அங்கே பரவிக்கொண்டிருந்த புகைப்பட மோகம் அவரையும் பிடித்துக்கொண்டது. 1853இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினர். 1854இல் பெங்களூர் திரும்பியதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரும் அனுப்பவில்லை, சொந்த ஆசை.

அந்தப் படங்கள் 1855இல் சென்னையில் நடந்த பெரிய பொருட்காட்சியில் வைக்கப்பட்டு, பதக்கமும் வாங்கின. அன்றைய சென்னையில் காமிராப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் ஆரம்பித்த கலைப் பள்ளியை (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. 1856இல் மதராஸ் புகைப்படச் சங்கமும் பிறந்தது. பெரும்பாலும் டாக்டர்கள், ராணுவ அதிகாரிகள், சிவிலியன்கள். ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து, காகிதம் எது, ரசாயனம் எது என்று விசாரித்துக்கொள்கிற கூட்டம். இன்றைய போட்டோ கிளப்புகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

பதக்கம் வாங்கியவருக்கு உடனே அழைப்பு வந்தது. 1855இல் பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஆர்தர் ஃபேர் தலைமையில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அனுப்பிய தூதுக்குழுவில் டிரைப் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். இருநூறுக்கும் மேற்பட்ட நெகடிவ்களுடன் திரும்பினார். அவற்றில் 120ஐப் பொறுக்கி, ஐம்பது செட் பிரதிகள் தயாரித்தார். ஆறாயிரம் படங்கள்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துத்தான் காகிதத்தில் பதியவேண்டும் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கும். அதைப் பார்த்த மதராஸ் அரசு, தன் மாகாணத்துக்கே அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. அழிந்துகொண்டிருக்கும் பழங்காலச் சின்னங்களைப் பதிவு செய்யவேண்டும் என்பதுதான் உத்தரவின் சாரம்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகள் தெற்கே இறங்கின. வடக்கே சிப்பாய்ப் புரட்சியின் நெருப்பு இன்னும் அணையவில்லை. ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று நாலைந்து மாதப் பயணம். சுமையில் முக்கியமானவை காகிதமும் மெழுகும். அந்தக் காலத்தில் பலரும் கண்ணாடித் தகட்டுக்கு மாறிவிட்டிருந்தார்கள். கண்ணாடியில் துல்லியம் அதிகம். ஆனால் மருந்து பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாகவேண்டும். கூடவே ஓர் இருட்டறையைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும். மெழுகேற்றிய காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். கட்டை வண்டிக் குலுக்கலில் உடையவும் உடையாது. டிரைப் காகிதத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

சுமார் 12க்கு 15 அங்குலம் அளவுள்ள அந்த நெகடிவ்களுக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்டவேண்டும். நடமாடுகிற மனிதர்கள் அதில் தங்கமாட்டார்கள். அதனால்தான் அவருடைய பெரும்பாலான படங்களில் மதுரையும் ஸ்ரீரங்கமும் யாரோ ஊரைக் காலி செய்துவிட்ட மாதிரி இருக்கின்றன. தூண்களின் யாளிகளும் குதிரை வீரர்களும் மட்டும் அசையாமல் முகம் காட்டுகிறார்கள். பூக்காரி இல்லை, பட்டர் இல்லை, மண்டபத்தில் படுத்துத் தூங்குகிறவர்கூட இல்லை. இதை அழகு என்று சொல்கிறவர்கள் உண்டு. கோயிலை அறிந்தவருக்கு அதில் ஒரு குறையும் தெரியும்.

இன்னொரு ரகசியமும் உண்டு. காகித நெகடிவில் வானம் திட்டுத்திட்டாக விழும். டிரைப் சும்மா விடவில்லை. தூரிகையை எடுத்து நெகடிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார், மரக்கிளைகளில் இலைகளைச் சரிசெய்தார். கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றுகிறவர்களைத் திட்டுகிற தூய்மைவாதிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயணத்தின் உச்சம் தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். சுமார் 19 அடி. அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் உயரமும் தூரமும் பிசகாமல் இருக்கவேண்டும். ஓர் எழுத்துகூட இடையில் விழுந்துவிடக்கூடாது. எடுத்தவருக்கு அந்த எழுத்துகள் படிக்கத் தெரியாது. அன்று அவை முறையாகப் படித்து அச்சேற்றப்படவும் இல்லை. 1886இல் அரசுக் கல்வெட்டறிஞராக வந்த ஹுல்ஷ் அவற்றைப் படித்து, 1890களில் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியாக வெளியிட்ட பிறகுதான் ராஜராஜனின் கோயில் கணக்கு வழக்கெல்லாம் உலகுக்குத் தெரிந்தது. நடன மகளிர் நானூறு பேரின் பெயரும் வீட்டு இலக்கமும் உள்பட.

டிரைப் தனியாளாக இதைச் செய்துவிடவில்லை. ஹண்டரின் பள்ளியில் பயின்ற சி. ஐயாசாமி என்ற தமிழர் அவருக்கு உதவியாளர். படங்களின் கீழே இருப்பது கேப்டனின் பெயர் மட்டும்தான்.

அதே 1857ஆம் ஆண்டுக் கடைசியில் இன்னொரு காமிராவும் பயணம் போனது, கடலில். புரட்சியில் பிடிபட்டவர்களை அடைக்க இடம் பார்க்க, டாக்டர் மௌவட் தலைமையில் ‘புளூட்டோ’ என்ற நீராவிக் கப்பலில் அந்தமானுக்கு ஒரு குழு போனது. கூடவே கல்கத்தாவிலிருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆஸ்கர் மலித். தீவுவாசிகளோடு நடந்த மோதலில் ஓர் இளைஞர் பிடிபட்டார். மாலுமிகள் அவருக்கு ‘ஜாக்’ என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், ஊரே கூடி வேடிக்கை பார்க்க, காமிரா முன் நிறுத்தினார்கள். அவர் நோயில் விழுந்ததும் திரும்பத் தீவிலேயே இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு 1890களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற அதிகாரி, பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமானியர்களை ஆல்பம் ஆல்பமாகப் படமெடுத்தார். வில் செய்கிறவரை அழகாகக் காட்டும் படங்களும் அவற்றில் உண்டு. உடம்பை அளப்பதற்காகக் கட்டம் போட்ட திரை முன் நிறுத்திய படங்களும் உண்டு.

இன்று போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே போகிற அந்தமான் டிரங்க் ரோடில், பெரார்கஞ்ச் தாண்டி ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரும். 1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த, வண்ணத்துப்பூச்சிப் பிரியரான ஃபெரரின் பெயரைத் தாங்கிய ஊர் பெரார்கஞ்ச். ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவாக்களின் காப்பு நிலம் தொடங்குகிறது. வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகவேண்டும். காமிரா பைக்குள் போயாகவேண்டும். ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ 2012இல் வெளிவந்து உலகம் காறித் துப்பியது. அதே ஆண்டு சட்டமும் கடுமையாக்கப்பட்டது. அங்கே படமெடுத்தால் இன்று சிறைக்குப் போகவேண்டியிருக்கும். யாளி ஆட்சேபிக்காது. மனிதர் அப்படியல்ல என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள, ஜாக் காலத்திலிருந்து 155 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

டிரைப் கதைக்குத் திரும்பினால், முடிவு சட்டென்று வந்துவிட்டது. 1858இல் ஊர்வாரியாகப் படத் தொகுதிகள் வெளிவந்தன. சென்னை மியூசியத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் எடுத்து முடித்தார். நல்லவேளை, அடுத்த ஆண்டே அந்தச் சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன. 1859இல் கவர்னராக வந்தவர் சார்லஸ் டிரெவல்யன், செலவைக் குறைப்பதில் கெட்டிக்காரர். புரட்சிக்குப் பின் கஜானா காய்ந்திருந்த நேரம். புகைப்படம் ஓர் ஆடம்பரம், நம் நிதி நிலைமைக்குக் கட்டாது என்று முடிவு செய்து கடையை மூடச் சொன்னார். 1860இல் டிரைப்பின் கூடம் மூடப்பட்டது. அவருக்கு அப்போது வயது 38. பிறகு நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். இடையில் பெரிதாகப் படமெடுக்கவே இல்லை. மறுபடி ராணுவம், பதவி உயர்வு, ஓய்வு.

படங்கள் மட்டும் நூலகப் பெட்டிகளில் காத்திருந்தன. ஜேனட் திவான் அவற்றைத் தேடிப் பிடித்துத் தொகுத்த விரிவான பட்டியல் 2003இல் வந்தது. 2014 செப்டம்பரில் வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் தனிக் கண்காட்சி தொடங்கியது. 2015இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கும், பிறகு லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கும் போனது. தமிழ்நாட்டு நாயக்கர் காலக் கோயில்களை ஆராய்ந்த கிறிஸ்பின் பிரான்ஃபுட்டும், புகைப்பட வரலாற்றறிஞர் ரோஜர் டெய்லரும் அதற்கு உழைத்தவர்கள். மங்கலான வெளிச்சத்தில், சட்டம் போட்டு, தலைக்கு மேல் ஏ.சி. ஓட, வண்டியூர்த் தெப்பக்குளமும் புதுமண்டபமும் சுவரில் தொங்கின. பயணத் திட்டத்தில் இருந்தவை மூன்றே ஊர்கள். சென்னையும் மதுரையும் அதில் இல்லை.

இழப்பு யாருக்கு என்றால், முதலில் மதுரைக்காரர்களுக்குத்தான். திருமலை நாயக்கர் மகாலை இன்று பார்க்கிறவர், கவர்னர் நேப்பியர் 1866க்கும் 1872க்கும் இடையில் பழுதுபார்க்க ஏற்பாடு செய்த பிறகு எஞ்சிய மகாலைத்தான் பார்க்கிறார். எது நாயக்கர் காலத்துச் சுதை, எது பிறகு பூசியது என்று அறிய விரும்பும் பொறியாளருக்கும் ஆய்வாளருக்கும் டிரைப்பின் படம் ஒரு சாட்சி. சுவர் விரிசலும், உடைந்த வளைவும், செடி முளைத்த கூரையும் அதில் ஒளிவு மறைவில்லாமல் இருக்கின்றன. வானத்தில் மேகம் தீட்டியவர், கட்டடத்தின் மேல் கை வைக்கவில்லை.