கடலில் கொட்டப்படும் சகதி: கண்காணிப்பு எங்கே தொடங்க வேண்டும்?

மும்பையிலிருந்து ரயில் வழியே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்பர்நாத், கடற்கரை ஊர் அன்று. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த சிவாலயமும், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும், இரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த தொழிற்பேட்டையும் அவ்வூரின் அடையாளங்கள். எனினும் மும்பைக் கடலின் தரையில் படியும் சேற்றைப் பற்றி ஆராய முற்படுவோர் அம்பர்நாத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். கோயிலை ஒட்டி ஓடும் வால்துனி என்னும் சிற்றாறு உல்லாஸ்நகரைக் கடந்து, கல்யாண் அருகே உல்லாஸ் ஆற்றில் கலக்கிறது. உல்லாஸ் ஆற்று நீரின் பெரும்பகுதி வசாய் கழிமுகம் வழியாக அரபிக்கடலை அடைகிறது. அதன் சிறு கிளை தாணே கடற்கழியின் தலைப்பகுதியைத் தொடுகிறது. அக்கழி தெற்கு நோக்கிச் சென்று, செம்பூரை அடுத்த டிராம்பேயைக் கடந்து, மும்பைத் துறைமுக நீர்ப்பரப்பில் முடிகிறது.

இவ்வழியெங்கும் ஆலைக் கழிவும் நகரக் கழிவும் நீரோடு செல்கின்றன. நீர் கடந்துபோகிறது; ஆனால் நீரிலிருந்த நச்சுப் பொருள்களில் ஒரு பகுதி சேற்றில் தங்கிவிடுகிறது. கப்பல்கள் வந்து செல்ல வேண்டுமாயின் துறைமுக வாய்க்கால்களில் சேரும் சேற்றை அள்ளியாக வேண்டும். அள்ளிய சேற்றை எங்கேனும் போட்டாக வேண்டும். பெரும்பாலும் அது கடலிலேயே, அதற்கெனக் குறிக்கப்பட்ட பகுதியில் கொட்டப்படுகிறது. அப்படிக் கொட்டப்பட்ட சேறு பின்னர் என்ன ஆகிறது என்பதை அறிவது யாருடைய பொறுப்பு? அறிந்ததைக் கொண்டு செய்ய வேண்டியது என்ன? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

சேறு ஏன் நஞ்சைச் சுமக்கிறது?

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஆதலால் ஒரே எடையுள்ள மணலைவிடக் களிமண்ணின் மொத்த மேற்பரப்பு பன்மடங்கு அதிகம். பாதரசம், காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களும் எண்ணெய்ப் பொருள்களும் இம்மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. கடல் தரையில் ஆக்ஸிஜன் அற்ற நிலையில் சேறு அசையாது கிடக்கும்வரை, பல உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து பெருமளவு கட்டுண்டு கிடக்கின்றன. சேறு கிளறப்பட்டு ஆக்ஸிஜன் நிறைந்த நீரோடு கலக்கும்போது இக்கட்டு தளர்ந்து, அவற்றுள் ஒரு பகுதி நீரில் விடுபடுகிறது.

பாதரசத்தின் தன்மை மேலும் கவலை தருவது. சேற்றிலுள்ள சிலவகை நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் செல்லச் செல்ல அதன் செறிவு கூடுகிறது. இறுதியில் அது மனிதனின் உணவுத் தட்டை வந்தடைகிறது. உல்லாஸ் கழிமுகத்தின் படிவுகளில் இயற்கை அளவை மிஞ்சிய பாதரசம் இருப்பதைத் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பாதரச மின்கல முறையில் காஸ்டிக் சோடா தயாரித்த ஆலைகள் இதற்கு ஒரு முக்கிய காரணம். அம்முறை பின்னர் நம் நாட்டில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. ஆயினும் ஆலை முறையை மாற்றிக்கொண்ட அன்றே ஆற்றுச் சேறு தூய்மையாகிவிடுவதில்லை. பழைய படிவு அடியில் கிடக்கிறது. தூர்வாரும் இயந்திரம் அதனை மீண்டும் மேலே கொணரக்கூடும்.

மூன்று கட்டங்கள்

கடலில் சேறு கொட்டும் இடத்தைக் கண்காணிப்பது ஒரே தடவையில் முடியும் வேலை அன்று. அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு.

முதலாவது, கொட்டுவதற்கு முந்திய கட்டம். அள்ளப்படவிருக்கும் சேற்றையும், அது போடப்படவிருக்கும் இடத்தின் தரையையும், இதே இயல்புடைய ஆனால் சேறு கொட்டப்படாத வேறோர் இடத்தையும் ஒருங்கே சோதிக்க வேண்டும். ஒப்பிடுவதற்கென அமைந்த இந்த மூன்றாவது இடம் இல்லையெனில், பின்னர் தென்படும் மாற்றம் சேற்றால் விளைந்ததா, பருவமழையால் விளைந்ததா எனக் கூற இயலாது. களிமண் மிகுந்த மாதிரியில் உலோகம் இயல்பாகவே அதிகம் இருக்கும் என்பதால், உலோகத்தின் அளவை அம்மாதிரியிலுள்ள அலுமினியத்தின் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் வழக்கமும் உண்டு.

இரண்டாவது, கொட்டும் கட்டம். தூர்வாரும் கப்பல் தன் அடிக்கதவைத் திறந்தவுடன் சேற்றின் பெரும்பகுதி ஒரே திரளாகத் தரையில் விழுகிறது. எஞ்சிய சிறுபகுதி கலங்கலாக நீரோட்டத்தோடு செல்கிறது. இக்கலங்கல் எத்திசையில், எவ்வளவு தொலைவு செல்கிறது, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் எவ்வளவு குறைகிறது என்பவற்றை அளத்தல் வேண்டும். கப்பல் குறித்த எல்லைக்குள் சென்றுதான் கதவைத் திறந்ததா என்பதற்கான பதிவும் இன்றியமையாதது. ஓத ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் பெரும் வேறுபாடுள்ள மும்பைக் கடலில், ஒரு பகற்பொழுதில் எடுத்த ஒரே மாதிரி எதனையும் மெய்ப்பிக்காது. ஏற்றம், வற்றம், பருவமழைக்கு முன், பின் என நான்கு நிலைகளிலும் அளவெடுப்பு வேண்டும்.

மூன்றாவது, கொட்டிய பின்னர் வரும் நீண்ட கட்டம். சேறு போட்ட இடத்திலேயே நிற்கிறதா, அல்லது தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அதனை வாரிச் செல்கின்றனவா? புழுக்களும் சிப்பிகளும் அவ்விடத்தில் மீண்டும் குடியேறுகின்றனவா? சுற்றுப்புற மீன்களின் தசையில் உலோகம் கூடுகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண ஆண்டுகள் பல ஆகும்.

இத்துறையில் நம் நாட்டிற்குத் திறமை இல்லாமல் இல்லை. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம், ஸ்காண்டியம்-46 கலந்த கண்ணாடித் தூளைக் கடல் தரையில் இட்டு, அதன் கதிர்வீச்சைப் பின்தொடர்ந்து, படிவுகள் நகரும் திசையை இந்தியத் துறைமுகங்கள் பலவற்றில் கண்டறிந்துள்ளது. இத்தனிமத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 84 நாட்களே. ஆய்வு முடிந்தபின் கதிர்வீச்சு விரைவில் தணிந்துவிடுகிறது. புணேயிலுள்ள மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையம் துறைமுகங்களின் ஓதத்தையும் வண்டலையும் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. கடலோர நீரின் தரத்தைக் கவனிக்கும் தேசியத் திட்டம் ஒன்று 1990-91இல் தொடங்கப்பட்டது.

பிற நாடுகளின் படிப்பினை

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை நடந்த பணி, மாசுபட்ட சேற்றின் விலையை உலகிற்கு உணர்த்தியது. 25 பிபிஎம் அளவுக்கு மேல் பாதரசம் கொண்ட சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு அள்ளப்பட்டு, கரையோரத்தில் அடைக்கப்பட்டது. அதனால் 58 ஹெக்டேர் நிலம் உருவாயிற்று. ஆனால் நோயுற்ற மக்களுக்கு இப்பணி காலங்கடந்த ஒன்று.

ஹாங்காங், 1992 முதல், கிழக்கு ஷா சாவ் பகுதியில் கடல் தரையில் குழிகள் தோண்டி, மாசுபட்ட சேற்றை அவற்றுள் இட்டு, மேலே தூய சேற்றால் மூடி வருகிறது. அங்கு நீர், படிவு, தரை உயிரினங்கள், மீன்களின் உடல் ஆகிய அனைத்தும் தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடற்பகுதியில் 1977இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்தின் சிறப்பு வேறு வகையானது. எந்த அளவு தென்பட்டால் அடுத்த சோதனை, எந்நிலையில் கொட்டுவதை நிறுத்துவது என்பவை அங்கு முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. அளவீடு முடிவெடுப்பதற்கே, கோப்பில் சேர்ப்பதற்கு அன்று.

நமக்கு மிகவும் பொருந்தும் பாடம் ராட்டர்டாம் துறைமுகத்தினுடையது. ரைன் ஆறு கொணர்ந்த மாசுபட்ட சேற்றைக் கடலில் விட இயலாமல், அத்துறைமுகம் 1980களில் ‘ஸ்லுஃப்டர்’ என்னும் பெரும் தேக்கிடத்தைக் கட்ட நேர்ந்தது. செலவை உணர்ந்த துறைமுகத்தார், சேற்றிலிருந்த மாசு ஆற்றின் மேற்பகுதியில் எங்கிருந்து வருகிறது என ஆராய்ந்தனர். அண்டை நாட்டு ஆலைகளோடு பேசி, கழிவைக் குறைக்க உடன்பாடுகள் செய்தனர். நாளடைவில் சேறு தூய்மையடைந்தது. தேக்கிடத்திற்குச் செல்லும் அளவும் குறைந்தது.

செலவு யாருடையது?

பொருளாதார நோக்கில் இச்சிக்கல் எளிதாக விளங்கக்கூடியது. கழிவைச் சுத்திகரிக்காமல் விடும் ஆலைக்கு அச்செலவு மிச்சமாகிறது. அச்சேற்றை அள்ளும் செலவு துறைமுகத்தினுடையது. அருகிலேயே கொட்டினால் துறைமுகத்திற்கும் எரிபொருள் மிச்சம். இறுதியில் முழுச் சுமையையும் ஏற்பவர்கள் எந்தக் கணக்கிலும் இடம்பெறாத கோலி மீனவர்கள். ஓதத்தின் போக்கில், கடல் தரையில் ஊன்றிய கம்பங்களில் ‘டோல்’ வலைகளைக் கட்டிப் பொம்பில் மீனும் இறாலும் பிடிப்பவர்கள் அவர்கள். கலங்கல் வந்தால் அவ்வலையை எளிதில் இடம் மாற்ற இயலாது. மீன் மீது சந்தையில் ஐயம் எழுந்தால் நட்டம் அவர்களுடையதே. மீனை உண்ணும் ஏழைக் குடும்பங்களின் உடல்நலமும் இக்கணக்கில் சேராது.

மேலும் ஒரு குறையையும் சுட்ட வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் திருத்தப்பட்ட விதிப்படி, முன்பே அனுமதி பெற்ற திட்டத்தில் அடங்கிய பராமரிப்புத் தூர்வாரலுக்குத் தனி அனுமதி தேவையில்லை. நிர்வாக நோக்கில் இது இயல்பானதே. ஆனால் ஆலைகள் மாறுகின்றன. சேற்றின் தன்மையும் மாறுகிறது. அனுமதி பழையது என்பதற்காகச் சோதனையும் பழையதாக இருத்தல் ஆகாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பராமரிப்புத் தூர்வாரலுக்கும் குறித்த கால இடைவெளியில் சேற்றுச் சோதனை கட்டாயமாக வேண்டும். இரண்டாவதாக, கொட்டுவதை நிறுத்துவதற்கான அளவுகள் முன்னரே அறிவிக்கப்படுதல் வேண்டும். மூன்றாவதாக, முடிவுகள் மராத்தியில், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எட்டும் வகையில் வெளியிடப்படுதல் வேண்டும். நான்காவதாக, கடலில் எடுத்த அளவுகள் துறைமுகத்தின் அலுவலகத்தோடு நின்றுவிடாமல், ஆற்றின் மேற்பகுதியைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சென்றடைதல் வேண்டும்.

இந்நான்காவதே தலையாயது. 2014 நவம்பரில் வால்துனி ஆற்றில் விடப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த வாயுவால் உல்லாஸ்நகரில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையை நாட நேர்ந்தது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உல்லாஸ், வால்துனி ஆறுகள் மாசுபட்டதற்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீதும் உள்ளாட்சி அமைப்புகள் மீதும் அபராதம் விதித்தது. அதே 2015இல் தாணே கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. காக்க வேண்டிய நீர்ப்பரப்பும் கெடுக்கப்படும் ஆறும் ஒரே நீர்வழியின் இரு முனைகள் ஆகும்.

கடல் தரையில் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியும் ஆற்றின் மேற்பகுதியில் நடப்பதைப் பற்றிய ஒரு சாட்சியம். அச்சாட்சியத்தை அம்பர்நாத்தின் கழிவுநீர்க் கால்வாய்வரை கொண்டு சென்றால், கடலில் மூடி வைக்க வேண்டிய சேற்றின் அளவே குறையும். செலவிலும் அதுவே சிக்கனமான வழி.